வேரும் லயமும்: கேரள எல்லைத் தமிழ்க் குடும்பம் பற்றிய புனைவுகளில் வீடு

‘புலம்பெயர்ந்தோர் இலக்கியம்’ என்னும் வகைமை தமிழ்த் திறனாய்வில் கடல் கடந்தோரை முன்வைத்தே உருப்பெற்றது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோரின் எழுத்துகளே அதற்கு இலக்கணம் வகுத்துத் தந்தன. வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலுக்கு வெளியே வேறொரு மொழியுமாக வளரும் பிள்ளைகள், ஊர் பற்றிய ஓயாத நினைவு, திரும்பிச் செல்லும் கனவு, திரும்பிய பின் காத்திருக்கும் ஏமாற்றம் ஆகியன அவ்வெழுத்துகளின் பொதுக்கூறுகளாக இனங்காணப்பட்டுள்ளன. இக்கூறுகள் அனைத்தும் வாளையாற்றுக்கு அப்பாலும் போடிமெட்டுக்கு அப்பாலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடத்தும் உள்ளன. எனினும் அக்குடும்பங்களைப் பற்றிய எழுத்து இவ்வகைமைக்குள் வைத்து எண்ணப்படுவதில்லை. அவர்கள் கடல் கடக்கவில்லை, கடவுச்சீட்டும் அவர்களிடம் இல்லை என்பதே காரணம் போலும்.

கேரளத் தமிழ் இலக்கியம் என்றதும் திருவனந்தபுரமே நினைவுக்கு வருகிறது. ஆ.மாதவனின் சாலைக் கடைத்தெருவும் நீல.பத்மநாபனின் நாவல்களும் இதற்குக் காரணம். அவை பெற்ற கவனம் தகுதியானதே. ஆனால் பாலக்காடும் இடுக்கியும் அக்கவனத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் கிழக்கே உள்ள சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தோட்டத் தொழிலாளர் நிலையாகக் குடியிருப்போர் அல்லர், வந்து போகும் மக்கள் என்னும் வாதம் அன்றைய விவாதங்களில் முன்வைக்கப்பட்டது. பல தலைமுறை வாழ்ந்தும் ‘வந்து போகிறவர்’ எனக் கருதப்பட்ட அக்குடும்பங்களைப் பின்வந்த புனைவுகள் எவ்வாறு கண்டன என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதற்குப் பாலக்காட்டுக் குடும்பத்தையும் இடுக்கிக் குடும்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டும் தமிழ் பேசுபவை. ஆயினும் ‘வீடு’ என்ற சொல் அவ்விரண்டுக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

அகமரபு காணாத பெயர்வு

பிரிவைத் தமிழ் அகமரபு நுணுக்கமாக வகைப்படுத்தியுள்ளது. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவுக்குரிய காரணங்களைத் தொல்காப்பியம் அடுக்குகிறது. மகளிரொடு கடற்பயணம் மேற்கொள்ளும் வழக்கம் இல்லை எனவும் அகத்திணையியல் விதிக்கிறது. இவ்விதிகளுக்கு அடிப்படையாக ஒரு நிலையான வீடு இருக்கிறது. தலைவன் செல்வான், தலைவி அவ்வீட்டிலிருந்து நாள் எண்ணுவாள். அவள் இருக்கும் இடம் மாறாது என்பதனாலேயே அவன் செல்லுமிடம் பாலையாகிறது. உடன்போக்கில் இருவர் செல்கின்றனர். அங்கும் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புகிறாள். குழந்தையும் கிழவியும் அடுப்பும் அம்மியுமாக ஒரு குடும்பம் முழுவதும் பெயர்ந்து செல்லும் நிலைக்கு அகமரபில் துறை இல்லை. சிலப்பதிகாரம் இதற்கு ஓரளவு விலக்கு எனலாம். கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு நீங்கியபோது அவர்களுக்கெனக் காத்திருக்கும் வீடு ஏதுமில்லை; இறுதியில் கண்ணகி சேரநாட்டு மலையேறுகிறாள். இன்றும் சித்திரை முழுநிலவு நாளில் கூடலூர்ப் பக்கத்திலிருந்தும் குமுளிப் பக்கத்திலிருந்தும் மக்கள் மங்கலதேவிக் கோட்டத்துக்கு ஏறுகின்றனர். ஆண்டில் அந்த ஒருநாள் மட்டுமே, இரு மாநில அதிகாரிகளின் கண்காணிப்பில், அக்கோயில் வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது.

இம்மரபு இங்குச் சுட்டப்படுவதற்குக் காரணம் உண்டு. தற்காலப் புலம்பெயர் எழுத்தைப் படிக்கும் திறனாய்வும் அறிந்தோ அறியாமலோ இந்த ‘நிலைத்த வீட்டை’ அளவுகோலாகக் கொள்கிறது. ‘வேர்’, ‘வேரறுதல்’, ‘வேர் தேடல்’ என்பன அதன் விருப்பமான உருவகங்கள். வேர் ஊன்ற நிலம் வேண்டும். எல்லாக் குடும்பங்களுக்கும் நிலம் இருந்ததா என்று அவ்வுருவகம் கேட்பதில்லை.

பேச்சில் தமிழ், எழுத்தில் மலையாளம்

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகக் கணவாய் வழியே வந்து குடியேறியவை. அவை வாழும் அக்கிரகாரங்கள் ‘கிராமம்’ என்றே வழங்கும். காசியில் பாதி கல்பாத்தி என்னும் வழக்கு, புதிய நிலத்தைப் பழைய புண்ணியத் தலத்தோடு பிணைத்துக்கொண்ட குடியேறியோரின் மனநிலையைக் காட்டுகிறது. இக்குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். ஆனால் அத்தமிழ் ‘ஆக்கும்’ என முடிந்து, ‘மனசிலாச்சா’ என வினவி, வேலையை ‘ஜோலி’ என்று சொல்லும். அடுக்களையில் ஓலனும் எரிசேரியும் மொளகூஷ்யமும் உண்டு. உறவுமுறையில் அத்திம்பேரும் மன்னியும் மாறவில்லை. உணவு எளிதில் மாற, உறவுச்சொல் மாறாது நின்றிருப்பது கருதத்தக்கது. குடும்பம் தன் அடையாளத்தைக் காத்துக்கொண்ட இடம் இலக்கியமன்று, அழைப்புச்சொல்.

இச்சமூகம் தன்னை எழுதியபோது பெரும்பாலும் மலையாளத்தில் எழுதியது. மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1927இல் கல்பாத்தியில் பிறந்தவர். 1966இல் வெளிவந்து கேரள சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவரது ‘வேருகள்’ என்னும் நாவல், கேரளத்தில் குடியேறிய தமிழ் ஐயர் குடும்பம் ஒன்றின் கதை. கதைக்களம் பாலக்காட்டு அக்கிரகாரம் அன்று. எனினும் அக்குடும்பத்தின் உள்ளியல்பு பாலக்காட்டாருக்கு அயலானதன்று. இந்திய ஆட்சிப்பணியில் உயர்நிலை அடைந்த ரகு, நகரில் பெரிய மாளிகை கட்ட வேண்டும் என்னும் மனைவியின் விருப்பத்துக்காகப் பூர்விக நிலத்தை விற்கக் கிராமத்துக்கு வருகிறான். நிலம், உறவினர், இறந்தோர் பற்றிய நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அவனைத் தடுக்கின்றன. தன் வேர் இங்கேதான் என்று அவன் உணர்வதில் நாவல் முடிவை நெருங்குகிறது.

இந்நாவலின் சிறப்பு, அடையாளம் என்னும் அருவக்கருத்தை ஒரு நிலவிற்பனையின் வழியாகச் சொன்னதில் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்குத் ‘திரும்பும் ஊர்’ தமிழ்நாடு அன்று, கேரளக் கிராமமே என்பதை எவ்வித முழக்கமுமின்றி அது நிறுவிவிடுகிறது. புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தில் அரிதாகவே காணப்படும் முதிர்ச்சி இது. மூதாதையர் நாட்டை ஏக்கத்தின் இலக்காக வைக்காமல், வந்தேறிய மண்ணையே சொந்த மண்ணாக ஏற்கும் நிலை அதில் உண்டு. ஆயினும் அந்த ஏற்பு, விற்பதற்கு நிலம் இருப்பதால் வாய்த்தது. விற்கலாமா வேண்டாமா என்று ரகு தடுமாறுவதற்கு இடம் இருக்கிறது, அத்தடுமாற்றமே நாவலாகிறது. நாவல் வெளிவந்த நான்கு ஆண்டுகளுக்குள், 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தின்படி குத்தகை நிலங்கள் உழுதவர்க்கு உரியவையாயின. ஏற்கெனவே பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்னைக்கும் வேலை தேடிச் சென்றுகொண்டிருந்த அக்கிரகாரத்து இளைஞர்களின் பெயர்வு அதன்பின் மேலும் பெருகியது. அவர்கள் பிள்ளைகள் இன்று கடலுக்கு அப்பாலும் உள்ளனர். கல்பாத்தித் தேருக்கு அவர்கள் திரும்பி வருகின்றனர். தேர் நிலைக்கு வந்ததும் புறப்படுகின்றனர்.

தமிழகம் இக்குடும்பங்களை எவ்வாறு கண்டது என்பதற்குத் திரைப்படமே எளிதில் கிடைக்கும் சான்று. ‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்தின் பாலக்காட்டு மாதவன் மலையாளி. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் காமேஸ்வரன் பாலக்காட்டுச் சமையற்காரத் தமிழன். இருவரையும் பார்வையாளர் பேச்சின் ஓசையாலேயே நினைவில் வைத்துள்ளனர். முன்னது ஏமாளியின் நேர்மையையும் பின்னது அப்பாவியின் நெகிழ்ச்சியையும் அவ்வோசையில் வைத்தது. இரண்டும் நல்ல நகைச்சுவைதான். இகழ்ச்சி அவற்றில் மிகுதியாக இல்லை. ஆனால் தமிழ் பேசும் பாலக்காட்டானும் மலையாளம் பேசும் பாலக்காட்டானும் தமிழ்ப் பார்வையாளர் காதில் ஏறத்தாழ ஒருவராகவே ஒலித்தனர். கேரளத்தில் ‘பட்டர்’, தமிழகத்தில் ‘மலையாளத்தான்’ என இருபுறமும் அயலாராகும் நிலையைப் பாலக்காட்டுக் குடும்பத்தார் அறிவர். அதைத் தமிழில் எழுதிய நாவல் ‘வேருகள்’ அளவுக்குப் பேசப்படவில்லை என்பது தமிழ் இலக்கிய வரலாற்றுக்குக் குறையே.

நிலமில்லாதவர் வீடு

இனி மலைக்கு. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதிலிருந்து மூணாற்றுத் தோட்டங்களின் வரலாறு தொடங்குகிறது. காட்டை அழிக்கவும் தேயிலை நடவும் கங்காணிகள் வழியாகத் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். ஆண் மட்டும் போதாது. கொழுந்து பறிக்கப் பெண்ணும் சிறுவேலைகளுக்குக் குழந்தையும் வேண்டும். ஆகவே குடும்பமே முன்பணக் கடனில் மலையேறியது. அவர்களுக்குத் தோட்ட நிருவாகம் கட்டித்தந்த வரிசை வீடுகளே ‘லயம்’. ஒரே கூரை, பொதுச்சுவர், அறையும் அடுப்படியும். வேலை உள்ளவரை வீடு; ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் முதியவருக்கு அந்தக் கூரை நீடிக்கும். இங்கே குடும்பம் வீட்டை உண்டாக்கவில்லை, வேலைப் பதிவேடு உண்டாக்குகிறது. அகமரபு கண்ட வீட்டுக்கு இது நேர் எதிரானது. பகலில் எவரும் காத்திருப்பதில்லை. எல்லாரும் மலைச்சரிவில் இருக்கின்றனர்.

தோட்ட வாழ்வை எழுதிய முதன்மையான நூலும் தமிழில் எழுதப்படவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ நாவல், இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. களம் வால்பாறைப் பகுதி. மாநில எல்லைக்கு இப்பால். ஆனால் ஆனைமலையும் மூணாறும் ஒரே மலைத்தொடரின் அடுத்தடுத்த முகடுகள். ஆட்கட்டும் முறையும் லயமும் இரண்டிலும் வேறல்ல. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து கறுப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பிப் புறப்படுகின்றனர். கடன் அடைந்ததும் ஊர் திரும்பலாம் என்பது அவர்கள் எண்ணம். நோயும் கணக்கும் அதற்கு இடம் தரவில்லை. மருத்துவரின் நூலாதலால் உடல் பற்றிய அதன் கவனம் கூர்மையானது: காய்ச்சல், பேறுகாலம், அட்டை, குளிர் ஆகியன அதில் வெறும் பின்னணியாக நில்லாமல் கதையையே நடத்துகின்றன. பாத்திரங்களின் உள்மொழியோ அதே அளவு கூர்மை பெறவில்லை. துன்பம் முழுவதும் வெளியிலிருந்து அக்கறையோடு பார்க்கப்பட்ட துன்பமாகவே இருக்கிறது. டி.செல்வராஜின் ‘தேநீர்’ நாவல் இதே வாழ்வைத் தொழிலாளர் ஒற்றுமை என்னும் நோக்கில் அணுகியது. ஜெயபாரதி இயக்கத்தில் அது ‘ஊமை ஜனங்கள்’ (1984) என்னும் படமாயிற்று.

‘எரியும் பனிக்காடு’ பாலாவின் இயக்கத்தில் ‘பரதேசி’ (2013) ஆனபோது தலைப்பே ஒரு விளக்கவுரையாயிற்று. பரதேசி என்பதன் நேர்ப்பொருள் வேற்றுநாட்டான் என்பதே. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் பரதேசிக் கோயில் எனப்படுகிறது. கடல் கடந்து வந்தவர் என்பதற்கு மேல் அங்கு அச்சொல்லில் இழிவு இல்லை. தமிழ் வழக்கில் அது பிச்சையெடுப்பவனைக் குறித்தது. துபாயிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர் ‘வெளிநாட்டில் இருப்பவர்’. போடிமெட்டு ஏறியவர் பரதேசி. படத்தின் இறுதியில் தப்ப வழியற்று நிற்கும் நாயகனிடம் அவன் துணைவியே குழந்தையோடு வந்து சேர்கிறாள். குடும்பம் ஒன்றுசேர்தல் தமிழ்க்கதைகளில் இன்பமான முடிவு. இங்கோ ஒன்றுசேர்தலே பேரிடர். தோட்டம் மேலும் இரண்டு உடல்களைப் பெற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். குடும்பம் என்னும் அமைப்பையே பிணைக்கயிறாகப் பயன்படுத்திய முறையை இதைவிடக் கடுமையாகக் காட்டிய காட்சி தமிழ்த் திரையில் அரிது. படத்தின் பிற்பகுதியில் மிகை பல உண்டு எனினும் இக்காட்சி அதற்கு ஈடுசெய்கிறது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) தேயிலையை விட்டு ஏலத்துக்கு வருகிறது. தேனி அடிவாரத்துக்கும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கும் இடையே நடைபாதையில் ஏறியும் இறங்கியும் பிழைக்கும் ரெங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதே ஆசை. சேர்த்த பணத்தில் வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும் காட்சியில் அவன் அலறுவதில்லை. பின்னர் நிலம் கிடைக்கிறது. சிறை, கடன் எனச் சூழல் மாற, அதுவும் போய்விடுகிறது. இறுதியில் தனக்குரியதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவனே காவற்காரனாக அமர்கிறான். ரகுவையும் ரெங்கசாமியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் ‘வேர்’ என்னும் உருவகத்தின் எல்லை விளங்கும். ரகு நிலத்தை விற்காமலிருக்க முடிகிறது. ஆகவே அவனுக்கு வேர் உண்டு. ரெங்கசாமிக்கு அந்த மண் ஒவ்வொரு அடியாகத் தெரியும். மழை வரும் திசையும் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவன் கால் அறிந்தவை. எனினும் பத்திரம் அவன் பெயரில் இல்லை. அவனது மண்ணுறவை வேர் என்று சொல்வது அழகாக இருக்கலாம், பொருந்தாது. அவனுடையது பாதையின் அறிவு. எல்லைத் தமிழரின் அடையாளத்தைப் பேசுவோர் இவ்விரு உறவுகளையும் ஒரே சொல்லால் குறிப்பதால் ரெங்கசாமியின் இழப்பு ரகுவின் ஏக்கத்துக்குள் கரைந்துபோகிறது. இத்தகைய கரைவுக்குத் திறனாய்வு துணைபோகலாகாது.

இப்படத்துக்கும் ஒரு குறை உண்டு. மலையேறுவோர் மாலையில் இறங்கிவிடுகின்றனர். ஆகவே மலைமீதே பிறந்து அங்கேயே படித்து, மலையாளம் கேட்டுத் தமிழில் விடைசொல்லும் குடும்பத்தை இது காட்டவில்லை. அக்குடும்பத்தின் சமையலறைப் பேச்சு, திருமணத்துக்குக் கீழ்நாட்டில் பெண் தேடும் வழக்கம், பெரியவர்கள் ‘ஊர்’ என்று சொல்லும் இடம் பிள்ளைகளுக்கு வெறும் திருவிழா இடமாகிவிடுவது ஆகியன இன்னும் எழுதப்பட வேண்டியவையே. தமிழ்வழிப் பள்ளிகளும் சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த்துறையும் இருப்பதால் எழுதுவோர் வருதல் இயலாததன்று.

ஒருமை என்னும் சொல்

லயத்துப் பெண்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நாவல் பெயர்பெறாத நிலையில், அவர்கள் உருவாக்கிய ஒரு சொற்றொடரை இலக்கியச் சான்றாகக் கொள்வதில் தவறில்லை. 2015 செப்டம்பரில் மிகையூதியம் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றுத் தோட்டப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இருபது விழுக்காடு மிகையூதியமும் 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்குவதும் அவர்கள் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து அவர்கள் சாலையில் அமர்ந்தனர். மிகையூதியக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘பெம்பிளை ஒருமை’. பொம்பிளை என்பதன் மலைவழக்கு முதற்சொல். ஒருமை என்பது பள்ளித் தமிழில் பன்மைக்கு எதிர்ச்சொல். மலையாளத்தின் ‘ஒரும’ ஒற்றுமையைக் குறிக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் கூடி நின்று ஒருமை என்றது தமிழ் இலக்கணக் காதுக்கு முரணாகவும் மலையாளக் காதுக்கு இயல்பாகவும் ஒலித்திருக்கும். இரு மொழிக்கும் இடையில் வாழும் குடும்பங்களே ஆக்கத்தக்க பெயர் அது. மலையாளத் தொலைக்காட்சிகளுக்கு அவர்கள் தமிழிலேயே பேசினர். பாலக்காட்டு எழுத்தாளர் மலையாளத்தில் தேடிய இடத்தை இவர்கள் தமிழை விடாமலே கேட்டனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

2020 ஆகஸ்டு 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தனர். நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தோருள் பலரின் குடும்பங்கள் கயத்தாறுப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்டவை. உறவினர் அங்கிருந்து மலையேறி வந்தனர். உடல்கள் கீழே கொண்டுசெல்லப்படவில்லை. இராஜமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டன. உயிர் தப்பிய சில குடும்பங்களுக்குப் பின்னர் மூணாறை அடுத்த குட்டியார்வாலியில் மனையும் வீடும் வழங்கப்பட்டன. வேலைப் பதிவேட்டைச் சாராத வீடு அவை.